துளை சிறியதுதான், அறுவை சிறியதல்ல

கேள்வி: எனக்கு வயது 29. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறேன். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, சிசேரியனில் பிறந்தவள். இரண்டு மாதமாக வலது அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி. ஸ்கேனில் வலது ஓவரியில் 7 செ.மீ. டெர்மாய்டு கட்டி என்று வந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து லேப்ராஸ்கோப்பியில் எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் 9.4. தைராய்டுக்கு தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். “மூணு ஓட்டைதான், மூணாம் நாள் வேலைக்கு வந்துரலாம்” என்கிறார் கூட வேலை பார்க்கும் அக்கா. “பச்சை உடம்பு, நாற்பது நாள் படுக்கையை விட்டு எழக் கூடாது, தண்ணியும் பருப்பும் சீழ் வைக்கும்” என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது? ஓவரியையே எடுத்துவிடுவார்களா? கஷாயத்தில் கரையும் என்கிறார்களே? இன்னொரு குழந்தையும் வேண்டும்.
– வாசகி, திருப்பூர்

பதில்: அக்கா எண்ணியது தோலில் விழும் ஓட்டைகளை. மாமியார் மனதில் இருப்பது வயிற்றைத் திறந்து செய்த அந்தக் காலத்து ஆபரேஷன். உங்களுக்கு நடக்கப்போவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தோலில் அரை செ.மீ., ஒரு செ.மீ. வெட்டுகள்தான் என்பதால் அன்றைக்கே எழுந்து நடப்பீர்கள். ஆனால் உள்ளே ஓவரியிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழ அளவுக் கட்டியைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்தப் புண் எந்த வழியில் போய்ச் செய்தாலும் அதே அளவுதான், ஆறுவதற்கும் அதற்கான நாள் வேண்டும். மூன்று நாளும் வேண்டாம், நாற்பது நாளும் வேண்டாம். உங்கள் வேலைக்கு மூன்று வாரம் லீவு கேளுங்கள்.

முதலில் கஷாயம். நம் ஊரில் ‘நீர்க்கட்டி’ என்ற ஒரே சொல்லில் நாலைந்து வேறு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிவிடுகிறோம். பி.சி.ஓ.எஸ். என்பதில் இருப்பவை வளராமல் நின்றுபோன சின்னஞ்சிறு முட்டைப் பைகள், அவற்றை யாரும் ஆபரேஷன் செய்து எடுப்பதில்லை. மாதவிடாய்ச் சுழற்சியில் தோன்றும் சாதாரண நீர்க்கட்டி 5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். டெர்மாய்டு இந்த ரகமே இல்லை. முட்டையை உண்டாக்கும் செல் ஒன்று வழிதவறித் தோல், கொழுப்பு, முடி, சில சமயம் பல் என்று வளர்ந்துவிட்ட கட்டி அது. முடியும் பல்லும் கஷாயத்தில் கரையாது. கஷாயம் ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், குடித்ததை மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள். சில மூலிகைகள் ரத்தம் உறைவதைக் குறைக்கும், சில மயக்க மருந்தோடு முரண்படும்.

புற்றுநோயா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இரவில் அதை நினைக்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். டெர்மாய்டு கட்டியில் புற்று வருவது நூற்றில் ஒன்றிரண்டுதான். அதுவும் பெரும்பாலும் வயது 45-ஐத் தாண்டியவர்களுக்கு. புற்றுக்கான தடயம் தேடும் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை 35-க்கு மேல் வந்துவிட்டால் உடனே பயந்துவிட வேண்டாம். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் அது ஏறும்.

இந்த மூன்று வாரத்தில் கட்டி திடீரென்று பெரிதாகாது. டெர்மாய்டு ஆண்டுக்குச் சுமார் 2 மி.மீ. அளவில்தான் வளரும். பயப்பட வேண்டியது, அது முறுக்கிக்கொள்வதற்கு. கொழுப்பு நிறைந்த கனமான கட்டி என்பதால் ஓவரி தன் காம்பிலேயே சுற்றிக்கொள்ளலாம், வலப்பக்கம் இது இன்னும் அதிகம். திடீரென்று நிமிர்ந்து நிற்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் கொடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள், வலி மாத்திரை போட்டுப் படுக்கவும் வேண்டாம். நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சில மணி நேரம் தாமதித்தாலும் ரத்த ஓட்டம் நின்று ஓவரியே போய்விடலாம். தொடர்ந்து மந்தமாக வலிப்பது அப்படியல்ல.

இப்போது கவனிக்க வேண்டியது உங்கள் ஹீமோகுளோபின், அந்த 9.4. இந்த ஆபரேஷனில் ரத்தப் போக்கு பொதுவாகக் குறைவுதான். ஆனால் ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்குக் கொஞ்சம் போனாலும் எழுந்து நடக்கும்போது தலை சுற்றும், புண் ஆறவும் தாமதமாகும். இரும்புச்சத்து மாத்திரையை இன்றே தொடங்குங்கள். அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து இதையும் போட்டால் இரும்பு அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தைராய்டு மாத்திரை வீணாகும். இரண்டுக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். மறதியில் கம்பெனி டீ நேரத்தில் போட்டு டீயைக் குடித்தால் இரும்பே பெருமளவு உடம்பில் சேராது. அதனால் இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, அரை எலுமிச்சம்பழச் சாற்றோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். மூன்று வாரத்தில் ஒரு கிராம் ஏறினாலே நல்லது. இரண்டாம் வாரக் கடைசியில் மறுபடி பார்த்து, நகரவில்லை என்றால் நரம்பில் ஏற்றும் இரும்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு அளவு கடைசியாக எப்போது பார்த்தது என்பதையும் தேடி எடுத்து வையுங்கள்.

ஓவரி பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் வயதில் கட்டியை மட்டும் உரித்தெடுத்து ஓவரியை விட்டுவைப்பதுதான் வழக்கம். பிதுக்கு மொச்சை பார்த்திருப்பீர்கள். மொச்சைதான் கட்டி, மேலே இழுபட்டு மூடியிருக்கும் தோல்தான் ஓவரி. என்ன, இங்கே பிதுக்க மாட்டார்கள். மேல்தோலைக் கீறி, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பிரிப்பார்கள். மீதி ஓவரி சப்பையாகத் தெரிந்தாலும் பிறகு சுருங்கித் தன் வேலையைப் பார்க்கும். ஓவரி முறுக்கிச் செத்துப்போயிருந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, பார்வைக்கே சந்தேகமாக இருந்தாலோதான் எடுக்கும் பேச்சு வரும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: “கட்டியை மட்டுமா, எந்த நிலையில் ஓவரியை எடுப்பீர்கள்? மற்ற ஓவரியில் சின்னதாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் யாரிடம் சொல்வீர்கள்?” இரண்டாவது கேள்வி சும்மா சொல்லவில்லை, டெர்மாய்டு பத்தில் ஒருவருக்காவது இரண்டு பக்கமும் இருக்கும். இன்னொரு குழந்தை வேண்டும் என்பதை வாயால் சொல்லி ஃபைலில் எழுத வைத்துவிடுங்கள்.

சிசேரியன் ஆனவர் என்பதையும் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். பழைய தழும்பின் உள்பக்கம் குடலோ கொழுப்புத் திரையோ ஒட்டியிருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் வயிற்றில் வாயு ஏற்றும் முதல் ஊசியைத் தொப்புளில் போடாமல் இடது விலா எலும்புக்குக் கீழே போடுவார்கள். கட்டி கீழே வலது பக்கம், ஓட்டை ஏன் மேலே இடது பக்கம் என்று விழித்த பிறகு திகைக்காதீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகள். பெரும்பாலும் முதல் துளை தொப்புளில்தான், அங்கேதான் அழுக்கும் சேரும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே குளிப்பதற்குப் பத்து நிமிடம் முன் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பஞ்சுக் குச்சியால் நோகாமல் எடுத்து, சோப்பால் கழுவுங்கள். வயிற்றிலும் கீழேயும் முடியை நீங்களே ரேசரால் மழிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி புகும். தேவையென்றால் அங்கே கிளிப்பரில் எடுப்பார்கள். நகச்சாயத்தை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் அளவை நகம் வழியாகத்தான் பார்க்கிறது. மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாம் வீட்டிலேயே கழற்ற வேண்டும். உள்ளே ரத்தத்தை நிறுத்த மின்சாரம் பயன்படுத்துகிறார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடக்கூடும். பல வருடம் கழற்றாத மெட்டி காலையில் அவசரத்தில் வராது. முந்தின நாளே சோப்பு நுரை போட்டுக் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலிக்குப் பதில் வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வதைப் பல மருத்துவமனைகளில் ஒப்புக்கொள்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். மாதவிடாய் தள்ளியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பட்டினி விஷயத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. பால் கலந்த காபி, டீ, கஞ்சி எல்லாம் குடிப்பதாக இருந்தாலும் வயிற்றுக்கு அவை சாப்பாடுதான், 6 மணி நேரக் கணக்கில் சேரும். “ஒரு வாய் காபிதானே” என்று விடியற்காலையில் குடித்துவிட்டு வருபவருக்கு ஆபரேஷன் தள்ளிப்போகும். குடித்ததை மறைத்தால் அதைவிட மோசம், மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகலாம். முந்தின இரவு இட்லி, இடியாப்பம் போதும், பரோட்டாவும் பிரியாணியும் வேண்டாம். உங்கள் மயக்க மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. தைராய்டு மாத்திரையை அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீரில் போடலாம், இரும்பு மாத்திரை வேண்டாம்.

தியேட்டருக்குள் முழு மயக்கம். கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை ஏற்றி வயிற்றை உப்பவைத்து, தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்கவைத்துச் செய்வார்கள். பிரித்த கட்டியை ஒரு பையில் போட்டு, பைக்குள்ளேயே உறிஞ்சிச் சிறிதாக்கி வெளியே எடுப்பார்கள். டெர்மாய்டில் இருக்கும் கொழுப்பு உடம்புச் சூட்டில் எண்ணெயாக ஓடும், வெளியே வந்தால் மார்கழித் தேங்காய் எண்ணெய் போல உறையும். கொஞ்சம் வயிற்றுக்குள் சிந்திவிட்டால் வெதுவெதுப்பான உப்பு நீரால் லிட்டர் கணக்கில் கழுவுவது அதனால்தான். அந்தத் தண்ணீரின் மிச்சம் முதல் நாள் ஓட்டை வழியாக இளஞ்சிவப்பாகக் கசிந்து மேலே போட்ட கட்டுத்துணியை நனைக்கலாம். ஆபரேஷன் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் மயக்கம் கொடுக்க, தெளிய எல்லாம் சேர்த்து நீங்கள் வெளியே வர மூன்று மணி நேரம்கூட ஆகலாம். வாசலில் உட்காரும் கணவரிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

விழித்ததும் தொண்டை கரகரக்கும், குழாய் வைத்ததால் அது. முகம் லேசாக வீங்கியிருக்கும், தலைகீழாகப் படுத்ததால். எல்லோரையும் பயமுறுத்துவது தோள்பட்டை வலி, அதிலும் எழுந்து உட்கார்ந்ததும் வலதுபக்கம் குத்துவது. மாரடைப்பா என்று சிலர் கேட்பார்கள். மிச்சமிருக்கும் வாயு மேலே ஏறி உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்குப் போகும் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால், உறுத்தல் வயிற்றில் இருந்தாலும் வலி தோளில் தெரிகிறது. தட்டையாகப் படுத்தால் குறையும், நடந்தால் வாயு சீக்கிரம் கரையும். இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள் வலிக்கும் வரை காத்திருக்காமல், எழுதிக்கொடுத்த பாராசிட்டமாலை நேரத்துக்குப் போடுங்கள். ‘முடிந்தவரை தாங்கிப் பார்த்தேன்’ என்பவர் மூச்சை ஆழமாக இழுக்க மாட்டார், நடக்கவும் மாட்டார், இரண்டும் வேண்டும். படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமினால், தும்மினால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் குந்தி உட்காரும் கழிப்பறை சிரமம் தரும், பிளாஸ்டிக் கமோட் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்.

இப்போது மாமியாரின் தண்ணீரும் பருப்பும். சீழ் கிருமியால் வருகிறது, சாம்பாரால் அல்ல. புண்ணை ஆற்றும் சதை புரதத்தால்தான் கட்டப்படுகிறது. பருப்பு, முட்டை, மீன், பயறு எல்லாம் முன்னைவிடக் கூடுதலாகவே வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் நடக்கப்போவது மலச்சிக்கல். வலி மருந்தும் இரும்பு மாத்திரையும் ஏற்கெனவே அதற்கு வழி செய்திருக்கும், முக்கினால் தையல் வலிக்கும். இரண்டரை லிட்டர் குடியுங்கள். இரண்டு நாள் ஆகியும் போகவில்லை என்றால் லாக்டுலோஸ் சிரப் கேளுங்கள். மாமியார் வைத்துக்கொடுக்கும் மிளகு ரசமும் ஓம நீரும் தாராளமாகக் குடிக்கலாம். ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நான்: உங்களை வேலை செய்ய விடக் கூடாது.

இரண்டு நாளில் கட்டைப் பிரித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் குளிக்கலாம், ஒற்றித் துடையுங்கள். மஞ்சள், பவுடர், விபூதி எதுவும் புண்ணில் வேண்டாம். பாவாடை நாடா முடிச்சுப் போடும் இடமும் பக்கவாட்டுத் துளைகள் இருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு வாரம் நைட்டியே போதும். பெண்ணுறுப்பிலிருந்து சில நாள் லேசாக ரத்தம் படலாம், நாப்கின் மட்டும் வையுங்கள். அடுத்த மாதவிடாய் முன்பின் ஆகும்.

இரண்டு வயதுக் குழந்தை 11, 12 கிலோ இருக்கும். மூன்று வாரத்துக்குத் தூக்கக் கூடாது, 5 கிலோவுக்கு மேல் எதையும்தான். நிரம்பிய குடமும் அதே கனம், சிலிண்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொப்புள் துளை ஒரு செ.மீ. அளவுக்குத் தசையையும் தாண்டிப் போயிருக்கிறது. சீக்கிரம் பளு தூக்கினால் அங்கே குடலிறக்கம் வரலாம். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு குழந்தையைப் பக்கத்தில் ஏறி வரச் சொல்லுங்கள், மடியில் ஏறி மிதிக்காமல் நடுவே தலையணை இருக்கட்டும். ஸ்கூட்டி இரண்டு வாரம் கழித்து. வண்டியை நிறுத்தி வைத்துச் சட்டென்று பிரேக்கை அழுத்திப் பாருங்கள், வயிறு பிடித்தால் இன்னும் நாள் ஆகவில்லை. தாம்பத்தியத்துக்கும் இரண்டு வாரம், ரத்தம் படுவது நின்றிருக்க வேண்டும்.

ஓவர்லாக்கில் எட்டு மணி நேரம் முன்னால் சாய்ந்து உட்கார்வதும் பண்டல் தூக்குவதும் அலுவலக நாற்காலி வேலை போல அல்ல. நாற்காலி வேலைக்காரர் இரண்டு வாரத்தில் போவார். நீங்கள் மூன்று வாரம் முடிந்து போய், முதல் வாரம் பண்டலை வேறு ஆள் எடுக்கட்டும், மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா பாருங்கள். பிடித்தால், முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால் நோய்க்கால விடுப்புக்கு 70 சதவீதக் கூலி ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும், பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. டிஸ்சார்ஜ் தாளோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சான்று வாங்க வேண்டும். தாமதிக்காமல் வாங்குங்கள்.

எது சாதாரணம், எது இல்லை என்று பிரிக்க ஓர் அளவுகோல் உண்டு. இந்த ஆபரேஷனில் இன்றைய வலி நேற்றையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். குறைந்துவந்த வலி திரும்ப ஏறினால் காரணம் தேட வேண்டும். குடலில் மின்சாரச் சூடு பட்டிருந்தால் அன்றைக்குத் தெரியாது. அந்த இடம் நைந்து ஓட்டையாவது மூன்றாம் நாளிலோ ஏழாம் நாளிலோ, அதாவது நீங்கள் வீட்டில் இருக்கும்போது. ஏறும் வலி, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் இருப்பது, விலாவுக்குக் கீழே முதுகுப்பக்க வலி, சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போங்கள். தெருமுனைக் கிளினிக்கில் ‘கேஸ் வலி’ என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டால் ஒரு நாள் வீணாகும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலும் அன்றே காட்டுங்கள். மூச்சு வாங்கினால் 108.

இன்னொன்று தாமதமாக வரும். புண் நன்றாக ஆறி, மூன்று நான்கு வாரம் அல்லது அதற்கும் பிறகு, ஏதாவது ஒரு துளையில் சின்னக் கட்டி போல எழும்பித் தண்ணீராகக் கசியலாம். ‘தையல் உறுத்துகிறது’ என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், அடங்கும், திரும்ப வரும். காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி தண்ணீரில் வாழ்கிறது. கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத இடங்களில் அது துளை வழியே புகும். சாதாரண மருந்து கேட்காது. கசிவை எடுத்து அந்தக் கிருமிக்கான கல்ச்சர் செய்யச் சொல்லுங்கள். அபூர்வம்தான், ஆனால் தெரியாததால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும்.

இரண்டாவது குழந்தைக்கு ஒன்றிரண்டு மாதவிடாய் சரியாக வந்த பிறகு முயற்சி செய்யலாம், அதற்குள் ஹீமோகுளோபினை 11-க்கு மேல் கொண்டுவாருங்கள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது அது வந்திருக்காது, பலரும் வாங்காமலேயே விட்டுவிடுகிறார்கள். தையல் பார்க்கப் போகும் நாளில் அந்தத் தாளைக் கையில் வாங்கி, ‘டெர்மாய்டுதான்’ என்று மருத்துவர் வாயால் கேட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.